பெயர் கூப்பிடும் காலை

பிரசல்ஸிலிருந்து தெற்கே ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஷார்ல்ருவா வந்துவிடும். நகரம் நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே சமவெளியில் அங்கங்கே கூம்புக் குன்றுகள் தலைகாட்டுகின்றன. பிர்ச் மரமும் புதருமாகப் பச்சை போர்த்தியிருப்பதால் விவரம் தெரியாதவர் அவற்றை மலை என்றே நினைத்துக்கொள்வார். தலைமுறை தலைமுறையாக நிலக்கரியோடு சேர்த்துத் தோண்டி, கரி போக மிஞ்சிய கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுகள் அவை. இந்த வட்டாரத்துக்குக் 'கறுப்பு நாடு' என்றே பெயர். சுரங்கங்கள் மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாம்ப்ர் ஆறு. அதன்மேல் உள்ள பாலத்தில், கான்ஸ்டான்டின் மூனியே என்ற பெல்ஜியச் சிற்பி வார்த்த வெண்கலத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கக்காரர்களையும் இரும்பாலைக்காரர்களையும் வீரர்களுக்குரிய மரியாதையோடு வடித்தவர் மூனியே. அன்று அது புதுசு. ராஜாவுக்கும் தளபதிக்கும் வைக்கிற இடத்தில், வேலை முடிந்து களைத்த உடம்பை வைத்தார்.

அங்கிருந்து மார்சினெல் சில கிலோமீட்டர்தான். பிரெஞ்சு மொழியில் சித்திரக் கதை படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1938இல் தொடங்கிய 'ஸ்பிரூ' வார இதழை வெளியிட்ட தூப்புயி பதிப்பகம் இங்கேதான் இருக்கிறது. ஒரு தலைமுறைக் குழந்தைகளைச் சிரிக்க வைத்த படங்கள் மார்சினெலில் அச்சாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சற்றுத் தள்ளி, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், இத்தாலியிலிருந்து வந்த இளைஞர்கள் படுத்தபடி கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போனது அவர்களுக்காக. ஆகஸ்ட் 7 மாலை அங்கே சேர்ந்தேன். மறுநாள் காலை 8 மணி 10 நிமிடத்துக்கு 'புவா து காசியே' சுரங்க வளாகத்தில் மணி அடிப்பார்கள். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8, புதன்கிழமை, அதே நிமிடத்தில் அங்கே தொடங்கிய தீயில் 262 பேர் இறந்தார்கள். அன்று காலை உள்ளே இறங்கியவர்கள் 275 பேர்.

இறந்தவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். 95 பேர் பெல்ஜியர்கள். மீதி 31 பேரில் போலந்துக்காரர், கிரேக்கர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஹங்கேரியர், ஓர் ஆங்கிலேயர், ஒரு டச்சுக்காரர், ஒரு ரஷ்யர், ஒரு உக்ரைனியர். மத்தியதரைக்கடல் ஓரத்து ஆட்கள் இவ்வளவு வடக்கே, இவ்வளவு ஆழத்தில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்காமல் இந்த விபத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பெல்ஜியத்தின் ஆலைகள் பெருமளவு தப்பியிருந்தன. ஓட்டுவதற்குக் கரி வேண்டும். தரைக்கடியில் கரி இருந்தது. வெட்டத்தான் ஆளில்லை. அப்பனும் பாட்டனும் இருமி இருமிச் செத்ததைப் பார்த்த உள்ளூர்ப் பிள்ளைகள் கீழே இறங்க மறுத்தார்கள். பிரதமர் அக்கீல் வான் ஆக்கர் 1945இல் 'நிலக்கரிப் போர்' என்று அறிவித்தார். கொஞ்ச காலம் ஜெர்மானியப் போர்க்கைதிகளை இறக்கிச் சமாளித்தார்கள். கைதிகளை என்றைக்காவது ஊருக்கு அனுப்பத்தானே வேண்டும். அந்தப் பக்கம் இத்தாலியில் வேலையும் இல்லை, கரியும் இல்லை. 1946ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று ரோமில் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டன. இத்தாலி 50,000 தொழிலாளர்களை அனுப்பும். அதற்கு ஈடாகப் பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும். ஆள் எத்தனை போகிறதோ அதைப் பொறுத்துக் கரி வரும். அந்த ஒப்பந்தத்தை இத்தாலியர்கள் இன்றும் 'கரிக்கு மனிதர்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

கிராமங்களின் சுவர்களில் ரோஸ் நிறச் சுவரொட்டி ஒட்டப்பட்டது. கூலி, குடும்பப்படி, விடுமுறை, ஓய்வூதியம், ரயில் செலவு எல்லாம் அதில் விவரமாக இருந்தன. வேலை எப்படிப்பட்டது என்பது மட்டும் இல்லை. அப்ரூட்ஸோ மலைக்கிராமங்களில் ஆடு மேய்த்தவர்களும் சிசிலியில் கூலி விவசாயம் பார்த்தவர்களும் மிலான் நகருக்கு வந்தார்கள். மிலான் மத்திய ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் மருத்துவச் சோதனை நடந்தது. வயது 35க்குள் இருக்க வேண்டும், உடம்பு திடமாக இருக்க வேண்டும். தேறியவர்களைத் தனி ரயில்களில் ஏற்றினார்கள். இரண்டு நாளுக்கு மேல் பயணம். வந்து இறங்கியதும் எந்தச் சுரங்கத்துக்கு யார் என்று பிரித்துக்கொண்டு போனார்கள். போர்க்கைதிகளை அடைத்திருந்த தகரக் கொட்டகைகளில் பலருக்கு இடம் கிடைத்தது. வாடகை வீடு தேடிப் போனவர்கள் 'விலங்குகளுக்கும் வெளிநாட்டாருக்கும் இல்லை' என்ற பலகைகளைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் கூண்டில் இறங்கிப் பயந்துபோய், இனி இறங்கமாட்டேன் என்று சொன்னவர்களைப் பிடித்துப் பிரசல்ஸில் 'சின்ன அரண்மனை' என்று பெயர் கொண்ட பழைய படைமுகாமில் அடைத்து, ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தக்காரன் வேலையை விட்டுவிட்டு அந்த நாட்டிலேயே வேறு வேலை தேடிக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் காசியே வளாகத்தின் காட்சிக்கூடத்தில் ஆவணங்களோடு வைத்திருக்கிறார்கள். மறைக்கவில்லை. பெல்ஜிய அரசுக்குப் பெருமை தராத விஷயத்தைப் பெல்ஜிய மண்ணிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

வளாகத்தின் முன்வாசலில் இரும்புக் கதவு இருக்கிறது. விபத்தின் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதவு நன்றாகத் தெரியும். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். தலையில் துணி கட்டிய அம்மாக்கள், இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் இளம் மனைவிகள். உள்ளே விடமாட்டார்கள். அவர்களால் வீட்டுக்கும் போக முடியாது. அப்படிப் பதினைந்து நாள். பெல்ஜியத்தில் டெலிவிஷன் வந்து அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இந்தக் கதவும் இந்தப் பெண்களும் நாடு முழுக்க வீட்டுக் கூடங்களுக்குள் போனார்கள். அதுவரை இத்தாலியக் கூலிகளை ஏறிட்டுப் பார்க்காத பெல்ஜியர்கள் முதல் முறையாக அவர்களின் குடும்பங்களைப் பார்த்தார்கள்.

கதவைத் தாண்டினால் செங்கல் கட்டடங்களும், அவற்றுக்கு மேலே கூண்டு ஏற்றி இறக்கும் இரும்புக் கோபுரங்களும். நம்மில் பலருக்கு நிலக்கரிச் சுரங்கம் என்றால் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். நெய்வேலியில் வானம் தெரியும். பூமியைத் திறந்து போட்டு ராட்சத இயந்திரம் வெட்டும். காசியே அப்படியல்ல. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்குத்தான் இந்த இடம் சட்டென்று புரியும். செங்குத்தாக ஒரு ஷாஃப்ட், அதில் கம்பி வடத்தில் தொங்கும் கூண்டு, கூண்டை விட்டு இறங்கினால் இருட்டில் பக்கவாட்டில் நீளும் பாதைகள். காசியேயில் 907, 975, 1,035 மீட்டர் ஆழங்களில் வேலை நடந்தது.

இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் விளக்கறைக்குப் போவார்கள். அங்கே தன் எண் பொறித்த உலோக வில்லையைக் கொடுத்தால் விளக்கு கிடைக்கும். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையில் தொங்கும் வில்லையை எண்ணினால் கீழே எத்தனை பேர் என்பது தெரியும். பாதுகாப்புக்கு இது அவசியமான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் நிற்கும்போது எனக்கு ரோம் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவன் 50,000இல் ஒருவன். ரயிலில் ஒரு எண், சுரங்கத்தில் ஒரு எண். செத்தபிறகுதான் பெயர் தேடினார்கள். அதுவும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

அன்று காலை நடந்ததை ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் எழுதிவிடுபவர்கள் உண்டு. விவரமாகப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

975 மீட்டர் மட்டத்தில், கரி நிரம்பிய டிராலியைக் கூண்டுக்குள் தள்ளுவார்கள். அது உள்ளே போகும்போது கூண்டில் இருக்கும் காலி டிராலியை மறுபக்கம் வெளியே தள்ளிவிடும். அன்று காலி டிராலி முழுசாக வெளியே போகவில்லை. சிக்கிக்கொண்டது. நிரம்பிய டிராலி ஒரு பக்கமும் காலி டிராலி மறுபக்கமும் கூண்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே தகவல் குழம்பியிருந்தது. அந்தக் கூண்டு இப்போது நகராது என்று கீழே நினைத்திருந்தார்கள். கூண்டு நகர்ந்தது. துருத்தியிருந்த டிராலி ஷாஃப்டில் இருந்த இரும்பு விட்டத்தை மோதிப் பெயர்த்தது. பெயர்ந்த விட்டம் எண்ணெய்க் குழாயை உடைத்தது, மின்கேபிள்களை அறுத்தது, தொலைபேசிக் கம்பியை அறுத்தது, அழுத்தக் காற்றுக் குழாயையும் கிழித்தது. எண்ணெய் பீறிட்டுத் தெறிக்க, மின்பொறி பற்ற வைக்க, அழுத்தக் காற்று ஊதிவிட்டது. ஷாஃப்டுக்குள் மரச்சாமான் ஏராளம். சில நிமிடங்களில் எல்லாம் பிடித்துக்கொண்டது.

அதைவிடக் கொடுமை காற்றின் போக்கு. சுரங்கத்துக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்றின் வழியாக நல்ல காற்று உள்ளே இறங்கும், மற்றொன்றின் வழியாகக் கெட்ட காற்று வெளியேறும். தீப்பிடித்தது காற்று உள்ளே போகும் வழியில். கீழே மூச்சுக்குக் காத்திருந்தவர்களுக்குக் காற்றே புகையையும் கார்பன் மோனாக்சைடையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீயைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

எண்ணெய்க் குழாய், மின்கம்பி, அழுத்தக் காற்று மூன்றையும் ஒரே ஷாஃப்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியது யார்? கூண்டு ஒழுங்காக நிரம்பாவிட்டால் நகரக்கூடாது என்று தடுக்கும் ஏற்பாடு ஏன் இல்லை? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிராலி தள்ளியவரல்ல. ஆயினும் அந்த மனிதர், இத்தாலியர், உயிர் தப்பிய 13 பேரில் ஒருவர், வாழ்நாள் முழுக்க அந்தச் சந்தேகத்தைச் சுமந்தார். பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். தப்பியவர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

தப்பியவர்களில் 7 பேர் முதல் புகையோடு சேர்ந்தே மேலே வந்தவர்கள். அடுத்த சில மணி நேரத்தில் இன்னும் 6 பேரை மீட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆனால் அது தெரிய 15 நாள் ஆனது. மீட்புப் படையினர் எரிந்துகொண்டிருந்த ஷாஃப்டைச் சுற்றி வழி தேடி இறங்கினார்கள். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அனுபவசாலிகள் வந்தார்கள். 'காசியேயின் நரி' என்று பெயர் வாங்கிய ஆஞ்சலோ கால்வான் என்ற இத்தாலியர், சுரங்கத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர், திரும்பத் திரும்ப உள்ளே போனார். தன்னோடு வேலை பார்த்தவர்களைத்தான் அவர் தேடினார். மேலே கதவருகில் ஜெனவியேவ் லத்ரியேர் என்ற சமூகப் பணியாளர் குடும்பங்களோடு இரவும் பகலும் இருந்தார். பலருக்குச் சாவுச் செய்தியைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையதாயிற்று. வளாகத்தில் இன்றும் அவரை 'காசியேயின் தேவதை' என்று சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 22 நள்ளிரவு தாண்டி, 1,035 மீட்டர் மட்டத்தை எட்டியவர்கள் ஏறி வந்தார்கள். அவர்களில் ஆஞ்சலோ பெர்த்தி என்பவர் இத்தாலிய மொழியில் இரண்டே சொல் சொன்னார்: "எல்லாரும் பிணங்கள்." இத்தாலியில் அந்த ஊர்ப் பெயரோடு அந்த இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டன.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. கீழே தேடியவர்களுக்கு ஒரு மரப்பலகை கிடைத்தது. மேஸ்திரி ஒருவர் அதில் எழுதியிருந்தார். புகையால் பின்வாங்குகிறோம், எந்தப் பகுதியை நோக்கிப் போகிறோம், ஏறக்குறைய 50 பேர் இருக்கிறோம், மணி ஒன்றேகால் என்று நான்கு விவரம். கீழே பெயர். அவ்வளவுதான். தீப்பிடித்து ஐந்து மணி நேரம் கழித்து எழுதியது. உதவி கேட்டு ஒரு சொல் இல்லை, வீட்டுக்குச் செய்தி இல்லை. தேடி வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்பது மட்டுமே அவர் எண்ணம். புகையில் கண் எரிய, இருட்டில், ஐம்பது பேரின் பொறுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் வேலையைக் கடைசி வரை ஒழுங்காகச் செய்திருக்கிறார். வருகிறார்கள் என்று நம்பியிருக்கிறார். மேலே தேடிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள் இருக்கிறார்கள் என்றே நம்பினார்கள். நடுவில் ஒரு கிலோமீட்டர் தீயும் புகையும்.

வழக்கு நடந்தது. முதல் நீதிமன்றம் 1959இல் எல்லாரையும் விடுவித்தது. மேல்முறையீட்டில் 1961இல் சுரங்கப் பணிகளின் இயக்குநர் ஒருவருக்கு மட்டும் ஆறு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது, கூடவே 2,000 பிராங்க் அபராதம். 262 உயிருக்கு அவ்வளவுதான். அப்பாவை இழந்த பிள்ளைகள் 400க்கும் மேல். அவர்களுக்கு ஒரு நாட்டின் சட்டம் சொன்ன பதில் இது. இத்தனை ஆண்டு கழித்துப் படிக்கிற எனக்கே வயிறு எரிகிறது.

பயனே இல்லாமலும் போகவில்லை. ஐரோப்பிய நிலக்கரி எஃகு சமூகத்தில் சேர்ந்திருந்த நாடுகள் சுரங்கப் பாதுகாப்புக்கென்று 1957இல் நிரந்தர அமைப்பு ஒன்றை உருவாக்கின. இத்தாலி தன் ஆட்களைப் பெல்ஜியத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் பெல்ஜியம் ஆள் தேடுவதை நிறுத்தவில்லை. 1956இலேயே ஸ்பெயினோடு, மறு ஆண்டு கிரேக்கத்தோடு, 1964இல் மொராக்கோவோடும் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டது. காசியே சுரங்கமும் 1957இல் மறுபடி திறந்தது. 1967 டிசம்பர் வரை கரி வெட்டினார்கள். அண்ணன் இறந்த ஆழத்தில் தம்பி இறங்க வேண்டியிருந்த குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

தப்பியவர்கள் என்று எண்ணும்போது அந்த 13 பேரோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை என்று நினைக்கிறேன். அந்த வாரம் வேறு ஷிஃப்டில் இருந்ததால் பிழைத்தவர்கள், பக்கத்துச் சுரங்கங்களில் இருபது முப்பது ஆண்டு வேலை பார்த்து நுரையீரலில் கல்தூசி படிந்தவர்கள், எல்லாரும் அந்தக் கணக்கில் வர வேண்டும். சிலிக்கோசிஸ் நோயைத் தொழில்நோய் என்று பெல்ஜியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1963 இறுதியில்தான். அதுவரை இருமிச் செத்தவர்களுக்குச் சட்டத்தின் கண்ணில் காரணம் இல்லை.

சுரங்கம் மூடிய பிறகு இடம் பாழடைந்தது. கட்டடங்களை இடித்து வணிக வளாகம் கட்டும் பேச்சு வந்தது. அதைத் தடுத்து நிறுத்தியவர்கள் பழைய தொழிலாளிகளும் அவர்களின் சங்கங்களும். 1990இல் அரசு இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. 2002இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2012இல் வாலோனியாவின் மற்ற மூன்று சுரங்கங்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. வழிகாட்டியாக நின்று பேசுகிறவர்களில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். காலம் போகப்போக அவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். நான் பேசிய பெரியவர் இத்தாலியக் குடும்பத்தில், இந்த வட்டாரத்தில் பிறந்தவர். அவருடைய பிரெஞ்சு பெல்ஜியப் பிரெஞ்சு. அப்பா சொன்னதைச் சொல்லும் இடங்களில் மட்டும் இத்தாலிய மொழிக்கு மாறிவிடுவார். "அப்பா வீட்டில் சுரங்கத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆகஸ்ட் எட்டாம் தேதி மட்டும் சாப்பிடமாட்டார்" என்றார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கே முற்றம் நிறைந்துவிட்டது. அரசுப் பிரதிநிதிகள், இத்தாலியத் தூதரக ஆட்கள், சிறகு செருகிய தொப்பியோடு இத்தாலிய மலைப்படை முன்னாள் வீரர்கள், தோளில் பட்டை அணிந்த இத்தாலிய ஊர்களின் மேயர்கள், சுரங்கத் தொப்பியும் விளக்கும் அணிந்த முதியவர்கள். அப்ரூட்ஸோவிலிருந்து வந்தவர்கள் அதிகம். இறந்த 136 இத்தாலியர்களில் 60 பேர் அந்த ஒரு பிரதேசத்துக்காரர்கள். மனோப்பெல்லோ என்ற ஒரே ஊரிலிருந்து 20க்கும் மேற்பட்டவர்கள். ஒரே ஊரின் இத்தனை இளைஞர்கள் ஒரே நாளில் போனால் அந்த ஊரில் அடுத்த வருடம் யார் கல்யாணம் செய்துகொள்வார்கள், யார் வயலில் இறங்குவார்கள்? இத்தாலிய அரசு 2001இல் ஆகஸ்ட் 8ஐ, உலகெங்கும் வேலைக்குப் போய் உயிர்விட்ட இத்தாலியர்களை நினைக்கும் தேசிய நாளாக அறிவித்தது.

8 மணி 10 நிமிடம். 'மரியா, அநாதைகளின் தாய்' என்று லத்தீனில் பெயரிட்ட மணி அடிக்கத் தொடங்கியது. ஒருவருக்கு ஒன்றாக 262 முறை. அதோடு பெயர்களையும் வாசிக்கிறார்கள். இப்படி ஒரு சடங்கு என்று படித்திருந்தேன். ஆனால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை உடம்பு அங்கே நின்றபோதுதான் உணர்ந்தது. முதல் இருபது பெயர் வரை காது கவனிக்கிறது. ஐம்பதைத் தாண்டும்போது ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. அண்ணன் தம்பியா, அப்பா பிள்ளையா என்று மனம் கேட்கிறது. நூறைத் தாண்டியதும் கால் வலிக்கிறது, முடியவில்லையே என்று தோன்றுகிறது. இருநூறில் அது தோன்றியதற்காக மனம் சுருங்குகிறது. இத்தாலியப் பெயர், பிளெமிஷ் பெயர், போலிஷ் பெயர், கிரேக்கப் பெயர் எல்லாம் ஒரே குரலில், ஒரே இடைவெளியில். உயிரோடு இருந்தபோது கொட்டகையிலும் வாடகை வீட்டுப் பலகையிலும் பிரித்து வைக்கப்பட்டவர்கள். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒரு பெயர் வந்தபோது வாய்க்குள் 'இருக்கிறேன்' என்பதுபோல ஏதோ சொல்லிக்கொண்டார். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளை பதில் சொல்கிற தொனி.

அந்தக் காலையில் எனக்குப் புரிந்தது இதுதான்: நினைவு நாள் என்று உலகில் பல இடங்களில் ஒரு நிமிட மௌனம் வைக்கிறார்கள். இங்கே மௌனத்தை நம்பவில்லை. எண்ணாக வந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை பெயராக்கிக் கூப்பிடுகிறார்கள். அதற்கு எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரமும் நிற்கிறார்கள். மந்திரியும் நிற்கிறார்.

நினைவுக்கூடத்தில் சுவர் முழுக்க முகங்கள். திருமணப் படத்திலிருந்து வெட்டியது, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, ராணுவச் சீருடையில் எடுத்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை. பெரும்பாலோர் சின்ன வயது. தலையை எண்ணெய் தடவி வாரியிருக்கிறார்கள். இத்தாலியில் அம்மாவுக்கு அனுப்பவென்றே ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. நல்ல கோட், நல்ல டை. கரி படிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அந்த முகங்களின் சந்ததி பெல்ஜியத்தில் வேரூன்றிவிட்டது. பாடகர் சால்வத்தோரே அதாமோ, சிசிலியிலிருந்து சுரங்கத்துக்கு வந்த தொழிலாளியின் மகன். 2011 முதல் 2014 வரை பெல்ஜியத்தின் பிரதமராக இருந்த எலியோ தி ருப்போவும் அப்ரூட்ஸோவிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. ஷார்ல்ருவாவில் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தெருவுக்கு நாலு இத்தாலியப் பெயர் கண்ணில் படும். தகரக் கொட்டகையில் தொடங்கிய வாழ்க்கை அறுபது எழுபது ஆண்டில் எட்டிய தூரம் சாதாரணமல்ல. அதை வைத்து 1946ஐ நியாயப்படுத்துகிறவர்களோடு மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. பிள்ளைகள் முன்னுக்கு வந்தது அந்தக் குடும்பங்களின் உழைப்பு. ஒப்பந்தத்தின் கொடை அல்ல.

பிற்பகலில் மார்சினெல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பல உடல்கள் இத்தாலிக்குப் போய்விட்டன. சொந்த ஊர் மண்ணில் புதைக்க வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டன. இங்கே இருப்பவை மீதி. இரண்டு வாரம் கழித்து மேலே வந்த உடல்களைப் பார்த்து அடையாளம் சொல்வது எளிதாக இருக்கவில்லை. உடுப்பு, மோதிரம், செருப்பு, வில்லை எண் இவற்றை வைத்துத்தான் சொன்னார்கள். 17 பேரை யார் என்று சொல்லவே முடியவில்லை. கல்லில் 'அடையாளம் தெரியாதவர்' என்று எழுதினார்கள். அதாவது காலையில் வாசித்த 262 பெயர்களில் 17 பெயருக்கு எந்தக் கல் என்று பல காலம் தெரியாமலே இருந்தது. 17 கல்லுக்கு எந்தப் பெயர் என்று தெரியாமலே இருந்தது. அந்தக் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்து எந்தக் கல்லுக்குப் பூ வைப்பது என்று தெரியாமல் எல்லாக் கல்லுக்கும் வைத்திருக்கின்றன.

இறந்தவர் ஒருவரின் மகன் இதை விடவில்லை. என் அப்பா எங்கே என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் 2021 அக்டோபரில் பெல்ஜியக் காவல்துறையின் பேரிடர் அடையாளப் பிரிவினர் அந்தக் கல்லறைகளைத் தோண்டினார்கள். எலும்பிலிருந்து மரபணு எடுத்து, இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் மற்ற நாடுகளிலும் இருக்கும் உறவினர்களின் மாதிரியோடு ஒப்பிடும் வேலை தொடங்கியது. அதன் பிறகு சிலருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. அப்படிப் பெயர் கிடைத்தவர்களில் ஓர் இத்தாலியரும் இருக்கிறார், ஒரு பெல்ஜியரும் இருக்கிறார்.

ஒப்பிடுவதற்கு ரத்த உறவு வேண்டும். மகனோ மகளோ உடன்பிறந்தவரோ இருந்தால் முடிவு தெளிவாக வரும். விபத்து நடந்தபோது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைக்கே இப்போது எழுபது நெருங்குகிறது. உடன்பிறந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். பல நாடுகளிலும் மலைக்கிராமங்களிலும், தன் சித்தப்பா ஒருவர் பெல்ஜியத்தில் செத்தார் என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மீதி இருப்பவர்களுக்கும் பெயர் சொல்ல, மாதிரி கொடுக்க ஆள் இருக்கும்போதே இந்த வேலை முடிந்தாக வேண்டும்.